கண் ஒப்பரேஷனுக்குக் காசு சேர்க்கும் பெரியோருக்கு

புத்தளம், கற்பிட்டி, நுரைச்சோலை, முந்தல், உடப்பு, சிலாபம் கரையோரத்துப் பள்ளிவாசல் பரிபாலன சபையினர், கோயில் அறங்காவலர்கள், பங்குப் பேரவையினர், மீனவர் சங்கத்தார், மரண உதவிச் சங்கத்தார் எல்லோருக்கும்.



ஜும்ஆ முடிந்து ஸலாம் கொடுத்ததும் ஒருவர் எழும்பி நிற்பார். கையில் டொக்டர் எழுதிய கடிதத்தின் பிரதி. பக்கத்தில், வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு பிள்ளை. இமாம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்வார். வாசலில் விரித்த துண்டு கொஞ்ச நேரத்தில் நிறைந்துவிடும். உடப்பிலும் முந்தலிலும் கோயில் வீதியில் இதேதான் நடக்கிறது. தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் சனமும் இப்படிக் கேட்பவர்களை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். அன்றைக்குத் தங்கள் வளவில் கொட்டில் போட இடம் கொடுத்த சனம், ஒரு பிள்ளையின் கண்ணுக்குக் காசு கொடுக்கத் தயங்காது என்பது எனக்குத் தெரியும்.

நான் எழுத வந்தது, அந்தக் காசு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றி. ஒப்பரேஷன் நாளோடு அது நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் வரும் குளுக்கோமா என்ற கண் நோயில் ஒப்பரேஷன் அந்த நாளோடு முடிவதில்லை. அதன் பலன் தங்குமா போகுமா என்பது அடுத்து வரும் மாதங்களிலும் வருடங்களிலும்தான் தீர்மானமாகிறது. அந்த வருடங்களில் குடும்பம் தனியே நிற்கிறது.

நான் டொக்டர் இல்லை. பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் மருமகனுக்கு, அதாவது தங்கை மகனுக்கு, இந்த நோய் வந்தபோது அவனோடு கிளினிக் கிளினிக்காக அலைந்ததில் விளங்கியதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கண்ணின் முன்பக்கத்தில் ஒரு தெளிந்த நீர் இரவு பகலாகச் சுரக்கிறது. ஒரு துளி சேர இருபது நிமிடமாகும், அவ்வளவு மெதுவாக. கருவிழியின் விளிம்பில் சல்லடை மாதிரியான ஓர் இழையம் உண்டு. நீர் அதனூடாகக் கசிந்து, அதற்கு அப்பால் கண்ணைச் சுற்றி ஓடும் ஷ்லெம் கால்வாய் என்ற நுண்ணிய குழாயில் சேர்ந்து இரத்தத்தில் கலக்கிறது. கால்வாயின் அகலம் கால் மில்லிமீட்டர் அளவுதான். சல்லடை அடைபட்டால் கண்ணுக்குள் அமுக்கம் ஏறும். கிளினிக்கில் இதைக் ‘கண் பிரஷர்’ என்பார்கள். 10 முதல் 21 வரை சாதாரணம். அதற்கு மேலே போய் அங்கேயே நின்றால் மூளைக்குப் போகும் பார்வை நரம்பு இழை இழையாகச் சாகக்கூடும். நோவு கிடையாது. முதலில் ஓரப் பார்வை போகும்; நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். அதனால் பிள்ளை கரும்பலகையை வாசிக்கும், போனைப் பார்க்கும், பந்து மட்டும் பக்கத்திலிருந்து வந்தால் தெரியாது. செத்த நரம்பைத் திருப்பித் தரும் மருந்தோ ஒப்பரேஷனோ இன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. எல்லா வைத்தியமும் மிச்சத்தைக் காப்பாற்றுவதற்குத்தான்.

இளம் வயதில் இது முக்கியமாக மூன்று வாசலால் வருகிறது.

பிறவியிலேயே வருவது ஒன்று. சல்லடை சரியாக உருவாகாமலே பிள்ளை பிறக்கிறது. ஆந்திராவில் நடந்த கணக்கெடுப்பில் ஏறக்குறைய 3,300 பிறப்புக்கு ஒன்று என்று கண்டார்கள். மேற்கு நாடுகளில் பத்தாயிரத்துக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான். சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் இடங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. சிசுவின் கண் வெளிச்சத்துக்குக் கூசும், நீர் வடியும், அமுக்கத்தில் கண் பெரிதாகிக்கொண்டே போகும். ‘பிள்ளைக்கு என்ன வடிவான பெரிய கண்’ என்று பார்க்க வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். கருவிழி வெண்மை பூசியபிறகுதான் உம்மாவுக்குப் பயம் வரும். இந்தப் பிள்ளைகளுக்கு நாள் கடத்தாமல் ஒப்பரேஷன் வேண்டும்.

இரண்டாவது, பத்துப் பதினைந்து வயதிலோ வாலிபத்திலோ மெதுவாக வருவது. பரம்பரையில் ஓடும். இவர்களில் பலருக்குக் கிட்டப்பார்வையும் இருக்கும். கண்ணாடிக் கடைக்குப் போய் வருடா வருடம் நம்பர் மாற்றிக்கொண்டு வருவார்கள்; பிரஷரை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வாசல் நாங்களே திறந்துவிட்டது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் வரண்ட வலயம். வருடத்தில் பாதி நாள் மணலும் புழுதியும். கற்பிட்டிக் குடாநாட்டில் கச்சான் காற்று தொடங்கினால் வீட்டுக்குள்ளும் மணல். இப்படியான சூடும் வரட்சியுமான இடங்களில் சிறு பிள்ளைகளுக்கு, அதிலும் ஆண் பிள்ளைகளுக்கு, ஓர் ஒவ்வாமைக் கண் நோய் கூடுதலாக வரும். கண் கடி தாங்க முடியாது. பிள்ளை புறங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கண் சிவந்து, நூல் மாதிரிப் பீளை இழுக்கும். பார்மசியில் ஒரு சின்னப் போத்தல் வாங்கி ஊற்றினால் இரண்டு நாளில் சுகம். அந்தப் போத்தலில் இருப்பது பெரும்பாலும் ஸ்டீரொயிட்: டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன் என்று ஏதோ ஒன்று. விட்டால் கடி திரும்பும், திரும்பினால் போத்தலும் திரும்பும். டொக்டர் ஒரு கிழமைக்கென்று எழுதிய துண்டைக் காட்டியே வருடக்கணக்கில் வாங்கிய குடும்பங்கள் உண்டு. எங்கள் குடும்பமும் அதில் ஒன்று. என் மருமகனின் புத்தகப் பையில், கொம்பாஸ் பெட்டிக்குப் பக்கத்தில், அந்தப் போத்தல் எப்போதும் கிடக்கும். இடைவேளையில் அவனே ஊற்றிக்கொள்வான்.

ஸ்டீரொயிட் சொட்டை கிழமைக்கணக்கில் ஊற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கண் பிரஷர் ஓரளவு ஏறும். நூற்றில் ஐந்து பேரளவில் மிகக் கடுமையாக ஏறும். பிள்ளைகளுக்கு இன்னும் வேகமாக ஏறக்கூடும். எரிவில்லை, நோவில்லை, கண் வெள்ளை வெளேரென்று இருக்கும். உம்மாவுக்கு அது சுகத்தின் அடையாளம். கண் கடி பெரும்பாலும் வாலிபப் பருவத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்கிப் போகும் ஒரு நோய்க்காக அடங்காத ஒரு நோயைப் பிள்ளையின் கண்ணில் ஊற்றிவிடுகிறோம். ஸ்டீரொயிட் இல்லாமல் இந்தக் கடியை ஆற்றுவதற்கு ஒவ்வாமைச் சொட்டுகள் இருக்கின்றன. கடுமையானதற்கு சைக்ளோஸ்போரின், டக்ரோலிமஸ் இருக்கின்றன. கண் டொக்டரிடம் காட்டினால் எழுதித் தருவார்.

இனி ஒப்பரேஷனுக்கு வருகிறேன். நீங்கள் காசு கொடுப்பது இதற்குத்தான், ஆகவே இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பது உங்கள் உரிமை.

1968 இல் கேம்பிரிட்ஜில் கேர்ன்ஸ் என்ற டொக்டர் எழுதிவைத்த ட்ரபெகுலெக்டமிதான் இன்றும் உலகமெங்கும் பரவலாகச் செய்யப்படுவது. கண்ணின் வெள்ளைச் சுவரில் ஒரு மூடியை வெட்டித் தூக்கி, அதன் கீழே கண்ணுக்குள் போகும் ஒரு துவாரம் வெட்டி, கருமணித் திரையிலும் ஒரு சிறு துண்டை எடுத்து, மூடியைத் தைத்துவிடுவார்கள். நீர் துவாரத்தால் வெளியேறி இமைக்குக் கீழே ஒரு கொப்புளமாகத் தங்கி உறிஞ்சப்படும். வயதானவர்களுக்கு இது நன்றாக உழைக்கிறது. இளம் கண்ணில் இரண்டு பக்கத்தாலும் இடி. இளம் உடம்பில் காயம் வேகமாக ஆறும். தழும்பு கட்டித் துவாரத்தை மூடிவிடும். அதைத் தடுக்க மைற்றோமைசின் என்ற மருந்தைப் பூசினால், சில கண்களில் நீர் அளவுக்கு மீறி வடிந்து கண் சோர்ந்துபோகும். பின்புறத் திரை சுருங்கி நடுப்பார்வையே மங்கும். இந்த ஆபத்து கூடுதலாக வருவது யாருக்கென்றால், கிட்டப்பார்வையுள்ள இளம் ஆண்களுக்கு. மேலே இரண்டாவதாகச் சொன்னேனே, அதே வாலிபர்கள்.

இதற்கு மாற்றாகத்தான் கண்ணைத் துளைக்காத ஒப்பரேஷன் வந்தது. சோவியத் நாட்டில் கிராஸ்னோவ் 1960களில் ஷ்லெம் கால்வாயை வெளிப்பக்கத்திலிருந்து திறந்து பார்த்தார். 1980களில் பியோதரோவும் கொஸ்லோவும் அதை ஆழப்படுத்தினார்கள். ‘டீப் ஸ்க்லெரெக்டமி’ என்று டொக்டர்மார் சொல்வது அதைத்தான். தென்னாபிரிக்காவில் ஸ்டெக்மன் அதே கால்வாய்க்குள் பசைபோன்ற ஒரு திரவத்தைச் செலுத்தி விரிக்கும் முறையை 1999 இல் வெளியிட்டார். அதன் பெயர் விஸ்கோகெனலொஸ்டமி. சுவிட்சர்லாந்தின் லோசானில் மெர்மூவும் அவருடைய சகாக்களும் ஸ்க்லெரெக்டமியை வருடக்கணக்காகச் செய்து பலனைப் பதிந்துவைத்தார்கள்.

செய்முறை மிக நுட்பமானது. வெள்ளைச் சுவரில் ஐந்து மில்லிமீட்டர் அளவுச் சதுரமாக மேல்மூடி ஒன்றைத் தூக்குவார்கள். அதற்குக் கீழே இரண்டாவது மூடி ஒன்றை இன்னும் ஆழமாக, உள்ளே இருக்கும் கருமை நிழலாகத் தெரியும் வரை சீவி, அதை வெட்டி எடுத்துவிடுவார்கள். சீவிக்கொண்டு முன்னே போகும்போது ஷ்லெம் கால்வாயின் கூரை தானாகத் திறபடும். கால்வாயின் உட்சுவரை மெல்லிய தோலாக உரித்து எடுப்பார்கள். அவ்வளவுதான், அதற்கு அப்பால் கத்தி போகாது. கண்ணுக்கும் வெளிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு மிஞ்சி நிற்கும். நீர் அந்தச் சவ்வினூடாகச் சொட்டுச் சொட்டாக ஊறி வரும். எங்கள் உப்பளத்துக்காரருக்கு ஒரு வார்த்தையில் விளங்கும்: வரம்பை வெட்டித் தண்ணீரைப் பாயவிடுவது பழைய முறை, வரம்பைச் செதுக்கி மெலிதாக்கி ஊறவிடுவது இது. கண் ஒரு கணமும் திறபடுவதில்லை. பிரஷர் திடீரென்று விழுவதில்லை. அடுத்த நாள் பிள்ளையின் பார்வை பெரும்பாலும் முன்பிருந்த நிலையில் இருக்கும். கண் சோர்ந்துபோவது, உள்ளே இரத்தம் கசிவது, கிருமி இறங்குவது எல்லாம் குறைவு.

இவ்வளவு நல்லதென்றால் எல்லோருக்கும் இதையே செய்யலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பரிசோதனைகளை 2014 இல் கொக்ரேன் மீளாய்வு ஒன்று சேர்த்துப் பார்த்தது. கிடைத்தவை ஐந்தே ஐந்து, அவையும் பெரியவர்களில் செய்யப்பட்டவை. பிரஷரை இறக்குவதில் விஸ்கோகெனலொஸ்டமியைவிட ட்ரபெகுலெக்டமி ஓரளவு முன்னுக்கு நின்றது. ஸ்க்லெரெக்டமியைப் பற்றி உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. சிக்கல்கள் துளைக்காத முறையில் குறைவு. பிள்ளைகளிலும் இளைஞர்களிலும் கிடைப்பவை சிறு சிறு தொகுப்புகள். ஜெனீவாவிலிருந்து 2005 இல், வாலிபத்தில் வரும் குளுக்கோமாவுக்கு முதல் ஒப்பரேஷனாகவே விஸ்கோகெனலொஸ்டமி செய்த அனுபவத்தை எழுதினார்கள், நல்ல பலன். பெய்ரூட்டில் 2006 இல், பிறவிக் குளுக்கோமாவுக்கு வழக்கமாகச் செய்யும், சல்லடையை வெட்டித் திறக்கும் ட்ரபெகுலொட்டமியோடு அதை ஒப்பிட்டார்கள். ஒரு வருடப் பலன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று, ஆனால் பிள்ளைகளின் எண்ணிக்கை மிகக் கொஞ்சம். லிவர்பூலிலிருந்து 2007 இல், ஸ்டீரொயிட்டால் ஏறி மருந்துக்கு அடங்காத பிரஷருக்கு இதைச் செய்ததை எழுதினார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தபோது எனக்கு விளங்கியது இது. சல்லடை சரியாக உருவாகிப் பிறகு அடைபட்ட கண்ணுக்கு, அதாவது வாலிப வயதுக் குளுக்கோமாவுக்கும் ஸ்டீரொயிட் குளுக்கோமாவுக்கும், இந்த ஒப்பரேஷன் பொருத்தமாக அமையக்கூடும். பிறவியில் வந்த நோய்க்கு அவ்வளவு பொருந்தாது. பெருத்த கண்ணில் சுவர் மெலிந்து இழுபட்டிருக்கும். ஷ்லெம் கால்வாய் இருக்க வேண்டிய இடத்தில் அகப்படாது. சீவும்போது சவ்வு கிழிந்தால் அந்த இடத்திலேயே பழைய முறைக்கு மாற வேண்டிவரும். அந்தச் சிசுக்களுக்கு கோனியொட்டமி, ட்ரபெகுலொட்டமி என்று வேறு வழிகள் உண்டு. கருவிழி கலங்கிய கண்ணுக்கு ட்ரபெகுலொட்டமியையும் ட்ரபெகுலெக்டமியையும் ஒன்றாகச் செய்யும் முறையில் ஹைதராபாத் எல். வி. பிரசாத் கண் நிலையத்தின் டொக்டர் அனில் மண்டல் வருடக்கணக்காக உழைத்துப் பலனை எழுதியிருக்கிறார். ஆகவே ‘வெளிநாட்டில் துளைக்காத ஒப்பரேஷன் ஒன்று இருக்கிறதாம், அதற்குக் காசு சேருங்கள்’ என்று யாராவது உங்களிடம் வந்தால், முதலில் பிள்ளைக்கு எந்த வகை என்று டொக்டரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்காமல் வீட்டை அடகு வைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

‘வெற்றி’ என்று எழுதியிருந்தால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சொட்டு மருந்தே இல்லாமல் பிரஷர் கட்டுக்குள் இருந்தால் அது முழு வெற்றி. சொட்டு மருந்தின் உதவியோடு இருந்தால் அது இன்னொரு கணக்கு. ஒரு வருடத்தில் நூற்றுக்கு இத்தனை என்றால், ஐந்து வருடத்தில் அது குறைந்திருக்கும். எந்த முறையிலும் குறையும், இளம் கண்ணில் இன்னும் குறையும். அதனால் ஒப்பரேஷன் வீண் என்று ஆகாது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து வருடம் நரம்பைக் காத்துக் கொடுத்தால், சாதாரண தர வகுப்பு வரை தன் கண்ணால் படிக்கும். பிரஷர் திரும்ப ஏறினால் மறுபடி இறக்க வழி இருக்கிறது. ஏறியதை யாராவது அளந்து பார்த்தால்தான்.

நான் இவ்வளவு எழுதியதும் இந்த இடத்துக்கு வருவதற்காகத்தான்.

துளைக்காத ஒப்பரேஷனில் மிஞ்சும் அந்தச் சவ்வு மாதங்கள் போகப் போகத் தடிக்கலாம். ஊறல் குறையும், பிரஷர் மெதுவாக ஏறும். அப்போது லேசரால் அந்தச் சவ்வில் நுண்ணிய துளைகள் போடுவார்கள். கத்தியில்லை, வாட்டில் தங்கத் தேவையில்லை. இயந்திரத்துக்கு முன் தாடையை வைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு வில்லையை வைத்து, சில நிமிடத்தில் முடிந்துவிடும். லோசானின் நீண்ட காலத் தொகுப்பில் ஏறக்குறைய பாதிக் கண்களுக்கு இது தேவைப்பட்டது. ஒப்பரேஷன் தோற்றதென்று இதற்கு அர்த்தமில்லை. ஒப்பரேஷனின் இரண்டாம் பாதி இது. கிளினிக்குக்கு வராத பிள்ளைக்கு இந்த இரண்டாம் பாதி கிடைக்காது. லேசருக்குப் பிறகும் கருமணித் திரை அந்தத் துளையில் போய் ஒட்டிக்கொள்ளலாம். அதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் மருமகனுக்குச் செய்ததும் இந்தத் துளைக்காத ஒப்பரேஷன்தான். முதல் மாதங்களில் பிரஷர் மிக நன்றாக இருந்தது. வீட்டில் எல்லோரும் சுகம் என்று நினைத்தார்கள். நேர்ந்திருந்த சால்வையைப் பள்ளிக்குக் கொடுத்தாள் என் தங்கை. கிளினிக் திகதி ஒன்று வந்தபோது மச்சான் கடலில், அடுத்ததற்கு இவளுக்குக் காய்ச்சல். இரண்டும் தவறின. கடைசியில் போனபோது, மஞ்சள் மையை ஊற்றி, நீல வெளிச்சத்தில் அந்தச் சின்னக் கண்ணாடிக் கூம்பைக் கருவிழியில் தொட்டுப் பார்த்த டொக்டர் ஏறியிருந்த இலக்கத்தைச் சொன்னபோது, அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நோவில்லை, மங்கல் இல்லை. கண் வெள்ளையாக இருந்தது. லேசர் செய்தார்கள், இறங்கியது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

சிசுக்களின் நிலை இன்னும் கஷ்டம். கைப்பிள்ளை மெஷினுக்கு முன் தாடை வைக்காது. பிரஷர் பார்க்கவும் மயக்கம் கொடுக்க வேண்டிவரும். விடிய முதல் பால் நிறுத்தி, பஸ்ஸில் பசியில் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கற்பிட்டியிலிருந்து கொழும்பு 150 கிலோமீட்டருக்கு மேல். தேசிய கண் ஆஸ்பத்திரிக்கோ குருநாகலுக்கோ அனுப்பினால், போக வர ஒரு நாள். கடலுக்குப் போகிறவனுக்கும் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறவளுக்கும் அந்த நாள் சம்பளமில்லாத நாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், அது எங்கள் நாட்டின் பெரிய பேறு. ஆனால் பஸ் காசு இலவசமில்லை, கடைச் சாப்பாடு இலவசமில்லை, ஆஸ்பத்திரியில் இல்லாத சொட்டு மருந்தை வெளியே வாங்கச் சொன்னால் அதுவும் இலவசமில்லை. 2022 இல் டொலர் இல்லாமல் மருந்து தட்டுப்பட்டபோது இது எல்லோருக்கும் விளங்கியது.

மருந்திலும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. லட்டனோபுரொஸ்ட் சொட்டை, திறக்கும் வரை குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். எங்கள் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் போத்தல் இருக்கும், மருந்தின் வலு போய்விடும். டிமலோல் சொட்டு இழுப்பு உள்ள பிள்ளைக்கு ஆபத்து. கண் கடியும் இழுப்பும் ஒரே பிள்ளைக்கு இருப்பது சாதாரணம், ஆனால் கண் கிளினிக்கில் இழுப்பைப் பற்றிச் சொல்ல உம்மாவுக்குத் தோன்றாது. பிரிமொனிடின் கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது, மூச்சே மந்தமாகிவிடும். பெரியவருக்கு எழுதிய போத்தலை வீட்டில் பிள்ளைக்கு ஊற்றக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று. ஒப்பரேஷனுக்குப் பிறகு, தழும்பு கட்டாமல் இருக்க, டொக்டர்மார் கொஞ்ச நாளைக்கு ஸ்டீரொயிட் சொட்டைத்தான் எழுதுவார்கள். ‘கண்ணைக் கெடுத்த மருந்தையே திரும்பத் தருகிறார்களே’ என்று பயந்து தாய்மார் நிறுத்திவிடுகிறார்கள். என் தங்கையும் நிறுத்தப் பார்த்தாள். எத்தனை நாள், எத்தனை சொட்டு, எப்போது குறைப்பது என்று பிரஷரைப் பார்த்துப் பார்த்து டொக்டர் கொடுப்பது வேறு. புத்தகப் பையில் வருடக்கணக்காகக் கிடந்தது வேறு. இதை அந்த நேரத்தில் பக்கத்திலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதேபோல, கண்ணைத் தேய்க்கும் பழக்கத்தை விடாத பிள்ளை நல்ல ஒப்பரேஷனையும் கெடுத்துக்கொள்ளும். காயம் ஆறும் வரை களப்பில் குளிக்கக் கூடாது. ஒப்பரேஷன் செய்த கண் எப்போதாவது, பத்து வருடம் கழித்தென்றாலும், சிவந்து நொந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

பெரியோர்களே, நான் கேட்பது இதுதான். ஒரு பிள்ளைக்குச் சேர்த்த காசில் ஒரு பங்கை ஒப்பரேஷனுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். அது கிளினிக் காசு. மரண உதவிச் சங்கங்களில் மாதாமாதம் சந்தா கட்டி, கணக்கெழுதி, மையித்து எந்த நேரம் வந்தாலும் கபன் துணி தயாராக வைத்திருக்கிறோம். அந்த ஒழுங்கை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே கொப்பியில் இன்னொரு பக்கம் திறக்கலாம். ஊரில் குளுக்கோமா உள்ள பிள்ளைகளின் பெயர், அடுத்த கிளினிக் திகதி, கூடப் போகிறவர் யார். திகதிக்கு இரண்டு நாள் முன்னே வாப்பாவுக்கு ஒரு கோல். வாப்பா கடலில் என்றால் சங்கத்திலிருந்து ஒருவர். பாலாவியிலிருந்து ஒரே கிளினிக்குக்கு மூன்று குடும்பம் போவதாக இருந்தால் ஒரு வான். அந்தப் பெயர்ப் பட்டியலை ஒருவர் கையில் மட்டும் வையுங்கள், ஒலிபெருக்கியில் வாசிக்காதீர்கள். பெண் பிள்ளைகளின் கண் நோயைக் குடும்பம் மறைப்பது கலியாணத்துக்குப் பயந்து. மறைத்தால் கிளினிக்குக்கும் போகாது.

பார்மசிக்காரர்கள் உங்கள் ஜமாஅத்திலும் உங்கள் பங்கிலும்தான் இருக்கிறார்கள். டொக்டரின் துண்டில்லாமல், அல்லது பழைய துண்டுக்கு, ஸ்டீரொயிட் கண் சொட்டைக் கொடுக்க வேண்டாமென்று அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். குத்பாவிலும் பூசைக்குப் பிறகும் ஒரு தடவை சொன்னாலே பத்து வீட்டில் போத்தலை எடுத்துப் பார்ப்பார்கள். பாடசாலை அதிபர்மாரிடமும் கேளுங்கள்: எந்தப் பிள்ளை வகுப்பில் கண் சொட்டு ஊற்றுகிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது, அது மருந்து என்றுதான் எல்லா ஆசிரியர்களையும் போல நானும் நினைத்திருந்தேன். வாலிப வயதில் நோய் வந்த வீட்டில் மற்றச் சகோதரங்களையும் ஒரு தடவை பிரஷர் பார்க்க அனுப்புங்கள்.

பார்வை ஏற்கெனவே போன பிள்ளைகளும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு இனி ஒப்பரேஷன் இல்லை என்று டொக்டர் சொன்னதும் துண்டு விரிப்பதும் நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குப் பிரெய்ல் படிக்க விடுதியுள்ள பாடசாலைக்கு அனுப்பச் செலவு உண்டு, பெருக்கிக் காட்டும் கண்ணாடிக்குச் செலவு உண்டு. பிறவிக் குளுக்கோமாவில் பிரஷர் இறங்கியும் பார்வை தெளியாத சிசுக்களுக்குக் கண்ணாடியும், நல்ல கண்ணை மூடிப் பலவீனமான கண்ணைப் பழக்கும் வைத்தியமும் வருடக்கணக்கில் வேண்டும். அதையும் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரமழானுக்கு முன் பரிபாலன சபைகளும், ஓகஸ்ட் திருவிழாவுக்கு முன் பங்குப் பேரவையும், தீமிதிப்புக்கு முன் உடப்பு அறங்காவலர்களும் எப்படியும் கூடுவீர்கள். அந்தக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுங்கள். கணக்கெழுத, திகதி பார்த்துக் கோல் எடுக்க, முதல் தடவை கிளினிக்குக்குப் போகும் குடும்பத்தோடு கூடப் போக எனக்கு நேரமிருக்கிறது. என்னைப்போல் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கற்பிட்டிக் குடாநாட்டைச் சேர்ந்த ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்